பூட்டிப் பேசக் கூடாத அலைவரிசை

கிளட்ச் அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். "கிளட்ச்சை விடாதீங்க, விடாதீங்க, இப்ப மெதுவா விடுங்க, மெதுவான்னா இதுவா மெதுவு" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்கூல் என்றால் ஒரே ஒரு வெள்ளை கார்தான். பக்கத்து இருக்கையிலும் பெடல் வைத்த கார். அந்த இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, பஸ்ஸில் போகும்போதுகூட முன்னால் எவராவது குறுக்கே வந்தால் அக்காவின் கால் தானாகத் தரையை அழுத்தும்.

ஆபீஸ் அறைக்குப் பின்னால் இன்னொரு சின்ன அறை. அதில் பழைய டயர்கள், எல் போர்டு அடுக்கு, ஒரு மேஜை, மேஜை மேல் ரேடியோ. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை இழுத்துக் கட்டிய செம்புக் கம்பிதான் ஆன்டெனா. மாடி வீட்டுக்காரம்மா அதில் ஒருமுறை போர்வை காயப்போட்டுவிட, அன்று சாயங்காலம் அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

யாருக்கு வந்தது என்று கேட்டால், எங்களுக்குத்தான். நாங்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு ரேடியோ வைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாதவர்களோடு காற்றில் பேசுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். நான் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன். இன்னொருவர் பல் டாக்டர். கப்பலில் வேலை பார்க்கும் ஒரு எஞ்சினியர், ஒரு தபால்காரர் என்று எங்கள் கூட்டத்தில் எல்லா ரகமும் உண்டு.

அக்கா இதற்குள் வந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. புருஷனோடு பேசுவதற்காக.

அவருடைய கணவர் வானிலை ஆய்வாளர். கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஒரு தீவில் காற்றையும் மழையையும் அலையையும் அளந்து அனுப்புவது அவர் வேலை. அங்கே செல்போன் எடுக்காது. ஆபீஸுக்குத் தகவல் அனுப்பும் கருவியில் சொந்த விஷயம் பேசக் கூடாது. மாதத்துக்கு ஒரு படகு வரும், அதுவும் கடல் சம்மதித்தால். அந்த வேலைக்கு ஒப்புக்கொண்ட அன்றே இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படித்து, ஒன்றாகப் பரீட்சை எழுதி, ஆளுக்கொரு ஹாம் லைசென்ஸ் வாங்கினார்கள். அக்காவுக்கு அவரைவிட மார்க் அதிகம். அதை அக்கா எந்தச் சண்டையிலும் சொல்லிக்காட்டத் தவறியதில்லை.

சண்டையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் விஷயம். ஹாம் ரேடியோவில் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். சாயங்காலம் கடைசி மாணவரை இறக்கிவிட்டு அக்கா ரேடியோவைப் போடுவார். தீவிலிருந்து கணவர் குரல் வரும். ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' சொல்லிப் பட்டனை விட்டால்தான் மற்றவர் பேச முடியும். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அவரவர் வீட்டில் காபியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம்.

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு சொன்னியே, புதுசு வாங்கிட்டியா? ஓவர்."

"வாங்கிட்டேங்க. நீல கலர். ஓவர்."

"நீலமா? சமையல்கட்டுக்கு நீலமா? ஓவர்."

"பாக்கப் போறது நான்தானே. நீங்க வர்றப்ப கண்ணை மூடிக்கோங்க. ஓவர்."

இந்த இடத்தில் கப்பல் எஞ்சினியர் நடுக்கடலிலிருந்து குறுக்கே வந்து, "அண்ணே, குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும், நீலம் நல்லாத்தான் இருக்கும், எங்க வீட்லயும் நீலம்தான்" என்பார். கல்யாண நாளைக் கணவர் மறந்துபோன வருஷம், அக்கா ரேடியோவைப் போடுவதற்கு முன்பே நாலு பேர் அவரைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்திவிட்டார்கள். அவர் மறக்காததுபோல் வாழ்த்துச் சொல்ல, தபால்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் மைக் பட்டனை அழுத்திவிட, விஷயம் வெளியே வந்துவிட்டது.

சிரிப்புக்கு இது போதும். குடும்பம் நடத்தப் போதுமா? கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை ஆசையாகச் சொல்ல வேண்டுமென்றால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "வேற என்ன?" என்று அவர் கேட்பார். "வேற ஒண்ணுமில்ல" என்பார் அக்கா. அந்த ஒன்றுமில்லைக்குள் என்னென்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் கொழுந்தன் ஒருவர் உள்ளே வந்தார். கணவரின் தம்பி. சாஃப்ட்வேர் வேலை. எதைப் பார்த்தாலும் அதை இன்னும் கொஞ்சம் சிக்கலாக்கினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கும் நல்ல மனசுக்காரர்.

"அண்ணி, எதுக்கு வாயால பேசிக்கிட்டிருக்கீங்க? டைப் பண்ணுங்க. லேப்டாப்பை ரேடியோவோட சேத்துட்டா எழுத்தெல்லாம் சத்தமா மாறிப் போகும். அந்தப் பக்கம் அண்ணன் லேப்டாப்ல திரும்ப எழுத்தா வரும்."

"அது எனக்கும் தெரியும். அந்த சாஃப்ட்வேர் எல்லார்கிட்டயும் இருக்கு. எல்லாரும் படிப்பாங்க."

"அதுக்குத்தான் நான் ஒரு பூட்டுப் போட்டுத் தர்றேன். என்கிரிப்ஷன். சாவி உங்ககிட்ட ஒண்ணு, அண்ணன்கிட்ட ஒண்ணு. மத்தவங்களுக்கு வெறும் குப்பையாத்தான் தெரியும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டார். சாவி ஒரு பென் டிரைவில் ஏறி, ஒரு ஜோடி கம்பளிக் காலுறைக்குள் ஒளிந்து, அடுத்த படகில் தீவுக்குப் போனது.

அதன் பிறகு சாயங்காலங்களில் எங்களுக்குக் கேட்டதெல்லாம் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல ஒரு சத்தம்தான். எங்கள் கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டால், முதல் வரியில் அவர்களுடைய அழைப்புக் குறி, அதாவது லைசென்ஸோடு கொடுக்கும் அடையாளப் பெயர், ஒழுங்காகத் தெரியும். அதற்குக் கீழே தலையும் காலும் இல்லாத எழுத்துக்கள். அனுப்புவது யார் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. என்ன என்பதைத்தான் மறைத்தார்கள். எங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தொடர் ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பாதியில் அணைத்த மாதிரி.

பூட்டுப் போட்ட முதல் நாள் கணவர் அனுப்பிய முதல் வரி என்னவென்று அக்கா இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஸ்டியரிங்கை நேராப் பிடிங்க" என்கிறார், எதிரில் ஸ்டியரிங் இல்லாவிட்டாலும். ஆனால் அதற்கடுத்த நாட்களில் வந்ததைப் பிற்பாடு அவரே சொன்னார். தீவில் கூட இருந்த ஆள் உடம்பு சரியில்லாமல் முந்தின படகிலேயே கரைக்குப் போய்விட்டார். மாற்று ஆள் வரவில்லை. கணவர் தனியாக இருந்தார். வாய் நிறையச் சிரித்து ஃப்ரிட்ஜ் நிறத்தைக் கேட்ட அந்த மனுஷர், ரேடியோவை அணைத்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உருளைக்கிழங்கு உரிக்கும்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது. யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்கிறது. 'கடல் சத்தம் இல்லாம ஒரு நிமிஷம் இருந்தாப் போதும்னு தோணுது. யார்கிட்டயும் சொல்லாதே' என்று எழுதியிருந்தார்.

அக்கா சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் திட்டு வாங்கினார்கள்.

திட்டு வாங்கியவர்களில் பல் டாக்டரும் ஒருவர். எத்தனையோ பேர் வாயைத் திறக்க வைத்தவர், ரிவர்ஸ் கியரைக் கண்டால் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வார். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் இரண்டு டிரம்களுக்கு நடுவே காரை நுழைக்கும் பயிற்சியில் இருந்தபோது, கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் அனுப்புறது எனக்குப் படிக்க முடியலையே."

"படிக்க முடியக் கூடாதுன்னுதான் டாக்டர். லெஃப்ட்ல ஒடிங்க."

"அது கூடாதே."

"எது? லெஃப்டா?"

"பூட்டு. ஹாம் ரேடியோல அர்த்தத்தை மறைச்சு அனுப்பக் கூடாது. பரீட்சையிலேயே ஒரு கேள்வி வருமே. நீங்க கரெக்டா எழுதியிருப்பீங்க."

கார் குலுங்கி நின்றது. டாக்டர் கிளட்ச்சை விட்டிருந்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் டாக்டரைப் பயமுறுத்தியது.

"நான் யார்கிட்டயும் சொல்லலை மேடம். சொல்லவும் மாட்டேன். உங்களுக்குத் தெரியட்டும்னுதான்."

"புருஷன் பொண்டாட்டி பேசுறதுல நாட்டுக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு என்னங்க தெரியும். நான் பல் டாக்டர்."

அக்கா இரண்டு நாள் பொருமினார். பிறகு, யாரோ வந்து கூப்பிடும் வரை காத்திருப்பதைவிட நாமே போய்க் கேட்டுவிடுவோம் என்று ஹாம் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கே கிளம்பிவிட்டார். டிரைவிங் ஸ்கூல்காரருக்கு அரசாங்க அலுவலகம் புதிதா என்ன. கவுண்டரில் நிற்காமல் நேராக அதிகாரியின் அறைக்குப் போனார்.

அதிகாரி ஐம்பதைத் தாண்டிய அம்மா. மேஜையில் பாதி சாப்பிட்ட ஆப்பிள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தவர், அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார்.

அக்கா ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். கணவர் எழுதியதை மட்டும் சொல்லவில்லை.

"முதல்ல ஒண்ணு," என்றார் அதிகாரி. "டேட்டா அனுப்புறது தப்பில்ல. மோர்ஸ் அடிக்கிறோம், அதுவும் குறியீடுதான். ஆனா அந்தக் குறியீடு ஊருக்கே தெரியும். யார் வேணும்னாலும் கத்துக்கிட்டுப் படிக்கலாம். நீங்க போட்டது அப்படி இல்ல. மத்தவங்களுக்குப் புரியக் கூடாதுன்னே போட்டது. அங்கதான் இடிக்குது."

"பூட்டை எடுத்துட்டு, நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சு, தக்காளின்னா இது, வெங்காயம்னா அதுன்னு பேசினா?"

அதிகாரி சிரித்துவிட்டார். "மெஷின் போட்ட பூட்டுன்னாலும் தக்காளி வெங்காயம்னாலும் ஒண்ணுதான். மறைக்கணும்ங்கிற நோக்கம் இருக்கா இல்லையா, அதைத்தான் நாங்க பாப்போம்."

"ஏம்மா இப்படி ஒரு சட்டம்? வங்கிக்காரன் பூட்டுறான், போன்ல பூட்டு இருக்கு, எங்களுக்கு மட்டும் ஏன்?"

"வங்கிக்காரன் அவன் வழிக்குக் காசு கட்டுறான். உங்களுக்கு இந்த அலைவரிசையைச் சும்மா குடுத்திருக்கோம். பொழுதுபோக்குக்கு, கத்துக்கிறதுக்கு, வெள்ளம் கிள்ளம் வந்தா உதவுறதுக்கு. இதுல ஒருத்தன் வியாபாரம் பண்ணினா, கடத்தல் பண்ணினா, எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஆபீஸ்ல கேக்குறதுக்கு நானும் இன்னொருத்தரும்தான். மிச்சமெல்லாம் உங்க ஆளுங்க காதுதான். ஒருத்தர் பேசுறதை இன்னொருத்தர் கேக்கறாரு பாருங்க, அதுதான் இங்க காவல். எல்லாரும் பூட்டிக்கிட்டா காவல் போச்சு."

"விதிவிலக்கே கிடையாதா?"

"இருக்கு. மேல சாட்டிலைட்டுக்கு அனுப்புற கட்டளையைப் பூட்டலாம், இல்லேன்னா வழியில போறவன் அதைத் திருப்பி விட்டுடுவான். சில நாட்டுல பேரிடர் நேரத்துல, அடிபட்டவங்க விவரம் வெளிய போகக் கூடாதுன்னு, மீட்புக் குழு கேட்டா அனுமதி குடுக்கறாங்க. அனுப்பினது நான்தான்னு நிரூபிக்கக் கையெழுத்து மாதிரி ஒண்ணு சேக்கலாம். செய்தி திறந்தே இருக்கும், அதனால அது பரவாயில்ல. புருஷன் பொண்டாட்டின்னு தனியா ஒரு விதிவிலக்கு எந்த நாட்டுலயும் நான் கேள்விப்பட்டதில்லம்மா."

"அதுவும் ஒரு வகைப் பேரிடர்தானே."

"என் வீட்டுலயும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தணித்து, "நீங்களா வந்து கேட்டீங்க. இன்னையோட நிறுத்திட்டா இதோட முடிஞ்சுது" என்றார்.

அன்று சாயங்காலம் வெகுநாளைக்குப் பிறகு அக்காவின் குரல் காற்றில் வந்தது. "பூட்டு கூடாதாம்ங்க. இனிமே திறந்துதான் பேசணும். ஓவர்."

பிறகு கணவர், "சரி. அதனால என்ன. இங்க வெயில் பிரமாதமா இருக்கு. ஓவர்" என்றார்.

எங்களுக்கு உள்ளூரச் சந்தோஷம். நின்றுபோன தொடர் மறுபடி ஆரம்பித்த மாதிரி. ஆனால் பழைய ருசி இல்லை. வெயில் நன்றாக இருந்தது, காற்று நன்றாக இருந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது, தூக்கமும் நன்றாக இருந்ததாம். கணவர் ஒவ்வொரு நாளும் நன்றாக இருந்துகொண்டே போனார். அக்கா "ம்" என்பார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு எல்லாம் புரிந்தது, அதுதான் கொடுமை. வாயைத் திறந்து கேட்டால் புருஷனின் ரகசியத்தை ஊருக்குச் சொன்னதாகிவிடும். கேட்காவிட்டால் அந்த மனுஷர் அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆபீஸுக்குச் சொல்லி ஆள் அனுப்பச் சொல்லுங்கள் என்று பூட்டு இருந்தபோதே அக்கா எழுதியிருந்தார். அவரோ, 'தனியா இருக்க முடியலன்னு சொன்னா சிரிப்பாங்க' என்று பதில் போட்டிருந்தார்.

அப்புறம் ஒரு சாயங்காலம். கணவர் வெயிலைப் பற்றிச் சொல்லி முடித்து ஓவர் சொன்னார். அக்கா பட்டனை அழுத்தினார்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாம கேளுங்க. யாரும் குறுக்க பேசாதீங்க. நீங்க போனதுலேர்ந்து நான் பெட்ரூம்ல படுக்கறதில்ல. ஹால்ல டிவியை ஓடவிட்டு, சோபாவுல தூங்கறேன். வீடு சத்தமில்லாம இருந்தா எனக்கு நெஞ்சு அடைக்குது. முந்தாநாள் காருக்குள்ள உக்காந்து அழுதேன். மாணவர் வர்றதுக்குள்ள கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். அவருக்கு பிரேக்கும் தெரியல, நான் அழுததும் தெரியல. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்குங்க. ஊரே கேக்கட்டும், பரவாயில்ல. ஓவர்."

நான் அன்று ரேடியோவோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றார். கையைக் காட்டி நிறுத்தினேன். அவரும் என்னவென்று தெரியாமல் நின்று கேட்டார்.

பிறகு கணவர் பேசினார். சிரிப்பில்லாத அவருடைய குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டோம். "எனக்கும் அப்படித்தான்" என்று ஆரம்பித்தார். ஆள் போனது, சுவர், உருளைக்கிழங்கு, கதவு தட்டும் சத்தம், எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார். யாரும் உள்ளே வரவில்லை. கடைசியில், "அவ்வளவுதான். சொல்லிட்டேன். ஓவர்" என்றார்.

அக்கா பட்டனை அழுத்துவதற்குள் பல் டாக்டர் தயங்கித் தயங்கி வந்தார். "நான் கேட்டுக்கிட்டிருக்கேன். கேக்கக் கூடாதுன்னா போயிடறேன்."

"இருங்க டாக்டர்," என்றார் கணவர்.

"காலையில ஒன்பது வரைக்கும் எனக்குப் பேஷன்ட் கிடையாது. நீங்க அங்க எந்திரிச்சதும் கூப்பிடுங்க. பேச எனக்குப் பெரிசா விஷயம் ஒண்ணுமில்ல. ரிவர்ஸ் எடுக்கறது பத்திப் பேசலாம்."

கணவர் சிரித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்த சிரிப்பு. அதற்குள் கப்பல் எஞ்சினியர் மத்தியானம் தன்னுடையது என்றார். தபால்காரர், வேலை முடிந்து வந்ததும் தான் வருவதாகச் சொன்னார். கடையில் நின்றவர் என்னிடம், "நானும் ஏதாவது சொல்லலாமா?" என்று கேட்டார். லைசென்ஸ் இல்லாமல் முடியாது என்றேன். அவருக்கு வருத்தம்தான்.

மறுநாளே கணவர் தன் ஆபீஸுக்குத் தகவல் அனுப்பினார்: தனியாக இருக்கிறேன், முடியவில்லை, ஆள் வேண்டும். ஊர் முழுக்கச் சொன்னதை மேலதிகாரியிடம் சொல்ல என்ன வெட்கம் என்று தோன்றிவிட்டதாம். மேலதிகாரி சிரிக்கவில்லை. மாற்று ஆள் வராததே அங்கே யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த படகிலேயே ஒருவரை அனுப்பினார்கள். வந்தவர் குறட்டை விடுவார் என்று கணவர் எங்களிடம் புகார் சொன்னபோது, அவ்வளவு சந்தோஷமான புகாரை நான் கேட்டதில்லை.

தீவுப் பணிக்காலம் முடிந்து கணவர் கரைக்கு வந்தார். விமான நிலையத்தின் வானிலைப் பிரிவில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். வந்த புதிதில் வீட்டில் ஒரு வேடிக்கை. அவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பாராம், அக்கா பதில் சொல்லும் வரை அசையாமல். "எதுக்கு நிக்கிறீங்க, ஆளைப் போட்டு வதைக்காம அடுத்ததைச் சொல்லுங்க" என்று அக்கா விரட்டுவார். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். அவர்கள் பேச்சு இப்போது எங்கள் காதுக்கு எட்டுவதில்லை. கொழுந்தன் மட்டும் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு, அனுப்பியவர் இன்னார்தான் என்று காட்டும் கையெழுத்துப் பகுதியை மட்டும் வைத்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். சிக்கலாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டப்படி இருக்கிறது.

தீவில் இப்போது இரண்டு இளம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருத்தியின் அம்மா துணி தேய்க்கும் கடை வைத்திருப்பவர். மகளோடு பேச வேண்டும் என்று ஒருநாள் அக்காவிடம் வந்து நின்றார். அக்கா அவரை டயர்களுக்கு நடுவே உட்காரவைத்துப் பரீட்சைக்குத் தயார் செய்தார். அந்த அம்மா இரண்டாவது முறை எழுதித் தேறினார்.

போன வாரம் அவர் முதன்முதலாகத் தானே பட்டனை அழுத்தினார். அழைப்புக் குறியைச் சரியாகச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பிறகு, "ஏன்டி, தலைக்கு எண்ணெய் வைக்கிறியா இல்லையா?" என்றார்.

"அம்மா, எல்லாரும் கேக்கறாங்கம்மா," என்றது தீவு.

"கேக்கட்டும். வைக்கிறியா இல்லையா, அதைச் சொல்லு," என்றார் அந்த அம்மா. ஓவர் சொல்ல மறந்துவிட்டார். பின்னாலிருந்து அக்காவின் குரல், "பட்டனை விடுங்க, விட்டாத்தான் அவ பேச முடியும்" என்றது.